குட்டிக் குதிரை வளர்க்கலாம், குட்டி எடுக்கலாமா?

வட கரோலினாவில் ராலேயைச் சுற்றி, கொரோனாவுக்குப் பிறகு ஐந்து ஏக்கர், எட்டு ஏக்கர் என்று நிலம் வாங்கிப் போட்ட நம் ஆட்கள் நிறையப் பேர். முதலில் கோழி வந்தது, அப்புறம் ஆடு, இப்போது மினியேச்சர் குதிரை. எங்கள் கொட்டகையில் ஏற்கெனவே இரண்டு நிற்பதால் யோசனை கேட்டு என்னிடம் வருகிறார்கள். வளர்க்கலாமா என்று கேட்டால் தாராளமாக வளருங்கள் என்பேன். சமீபத்தில் ஒரு தம்பி கேட்டது வேறு. "அக்கா, ஒரு ஆண், மூணு பெட்டை வாங்கி விட்டா வருஷத்துக்கு மூணு குட்டி. தீவனமும் கம்மி. வரியிலயும் கழிச்சுக்கலாம்ல?" அவருக்குச் சொன்னதை இங்கேயே எழுதிவிடுகிறேன். ஆள் ஆளுக்குத் தனியாகச் சொல்லி மாளவில்லை.

வரிக் கதையை முதலில் முடித்துவிடுவோம். அமெரிக்க வரிச் சட்டத்தில் குதிரைக்கு ஒரு சலுகை நிஜமாகவே உண்டு. மற்ற வேலைகளில் ஐந்து ஆண்டில் மூன்று ஆண்டாவது லாபம் காட்டினால்தான், இது பொழுதுபோக்கு அல்ல, தொழில் என்று தாமாகவே எடுத்துக்கொள்வார்கள். குதிரை வளர்ப்புக்கு ஏழில் இரண்டு போதும். சரி, அந்த இரண்டு வருட லாபம் எங்கிருந்து வரும்? தம்பியிடம் பதில் இல்லை.

தீவனம் கம்மி என்பது உண்மை. கம்மியாகப் போடாவிட்டால்தான் வம்பு. நம் ஊர்ப் பச்சைப் புல்லில் அவிழ்த்துவிட்டால் இவை தின்றுகொண்டே இருக்கும், கொழுப்பேறி லேமினிடிஸ் என்கிற குளம்பு அழற்சி வந்து குளம்பு போய்விடும். அதனால் வாய்க்கூடு போட்டுத்தான் மேய விடுகிறோம். இன்னொரு பக்கம், கொழுத்த சினைக் குதிரை ஏதோ காரணத்தால் ஓரிரு நாள் தின்னாமல் நின்றால், உடம்பிலுள்ள கொழுப்பெல்லாம் ரத்தத்தில் இறங்கி ஈரலைக் கெடுத்துவிடும். பெரிய குதிரையில் அபூர்வமாக வருவது இந்தக் குட்டை இனங்களில் சாதாரணமாக வருகிறது. தின்றாலும் பயம், தின்னாவிட்டாலும் பயம்.

இப்போது குட்டி விஷயம். அமெரிக்க மினியேச்சர் குதிரைச் சங்கத்தின் கணக்கில், பிடரி மயிர் முடியும் இடத்தில் அளந்தால் 34 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அதற்குள் எவ்வளவு குள்ளமோ அவ்வளவு மவுசு என்று பல பேர் வாங்குவதால் வந்த வினைதான் பாதிப் பிரச்சினை. மிசௌரியில் 2001-இல் பிறந்த தம்பெலினா என்ற குதிரை 17.5 அங்குலம்தான், உலகிலேயே சிறியது என்று கின்னஸில் இடம்பெற்றது. அது வெறும் சிறிய குதிரை அல்ல, குள்ளத்தன்மைக் குறைபாட்டோடு பிறந்தது. படத்தைப் பார்த்துவிட்டு "இது மாதிரியே வேணும்" என்று கேட்பவர்களுக்கு அது தெரியாது.

அந்தக் குறைபாடு ஓடிவரும் விதத்தைப் புரிந்துகொள்ளாமல் இதில் இறங்கவே கூடாது. குருத்தெலும்புக்கு வேண்டிய அக்ரிகன் என்ற புரதத்தின் மரபணுவில் நான்கு வகைப் பிறழ்வுகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஒன்றைச் சுமக்கும் குதிரை பார்க்க லட்சணமாக இருக்கும், பரிசுகூட வாங்கும். சுமக்கும் இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, சினை கலையும் அல்லது குறையோடு பிறக்கும். புடைத்த நெற்றி, மேல்வரிசைப் பல்லைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் கீழ்த்தாடை, வளைந்த கால். இதோடு பிரேம் என்கிற வெள்ளைத் திட்டு மரபணு வேறு. இரு பக்கமும் அது இருந்துவிட்டால் நாலில் ஒரு குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும், குடலில் நரம்பு இல்லாமல் சில நாளில் போய்விடும். அந்தியூர்ச் சந்தையில் என் பெரியப்பா சுழி பார்த்துத்தான் குதிரையை விலை பேசுவார். இங்கே வேரோடு பிடுங்கிய பிடரி மயிரை ஆய்வகத்துக்கு அனுப்பினால் இரண்டுக்கும் முடிவு வந்துவிடும். அதற்கான செலவு குதிரை விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆனாலும் சோதனைச் சீட்டு இல்லாமல்தான் பாதிப் பேர் விற்கிறார்கள். சீட்டு கேட்டால் முகம் சுளிப்பவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

பிரசவத்துக்கு வருவோம். பதினோரு மாதச் சினை. பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும், தாயின் உயரம் குறைந்தாலும் குட்டியின் தலை அதே அளவுக்குக் குறைவதில்லை. கை விட்டுச் சோதிப்பதே கஷ்டம் என்பதால், சிக்கல் வந்தால் மருத்துவருக்கும் இடம் போதாது. பல வருடமாக இதையே செய்யும் ஒரு அமெரிக்கப் பெண்மணியின் கொட்டகையில் ஒரு வசந்தகால இரவில் உடனிருந்தேன். வழக்கமாக முதலில் தெரிய வேண்டியது வெளுத்த பனிக்குடப் பை. அன்று வந்தது வெல்வெட் துணி மாதிரி சிவந்த பை. நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழன்றுவிட்டது என்று அர்த்தம், உள்ளே குட்டிக்கு மூச்சு இல்லை. அந்த அம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. பாக்கெட்டிலிருந்து கத்தரியை எடுத்துப் பையைக் கிழித்தார், முன்னங்கால் இரண்டையும் துண்டால் பற்றித் தாய் முக்கும்போதெல்லாம் கீழ்நோக்கி இழுத்தார். குட்டி பிழைத்தது. மருத்துவரின் வண்டி அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் வந்தது.

இப்படி நஞ்சுக்கொடி முன்கூட்டியே கழல்வதற்கு ஒரு முக்கியக் காரணம் நம் காலடியிலேயே கிடக்கிறது. நம் மாநில மேய்ச்சல் நிலத்தில் பெரும்பாலும் டால் பெஸ்க்யூ புல். அதற்குள் வாழும் ஒரு பூஞ்சையின் நச்சு, சினையின் கடைசி மாதங்களில் நாள் தள்ளிப்போகச் செய்யும், நஞ்சுக்கொடியைத் தடிப்பாக்கும், சீம்பாலே இல்லாமல் செய்துவிடும். கடைசி இரண்டு மூன்று மாதம் அந்தப் புல்லே படாமல் வைக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் நிலம் இருந்தும் தீவனத்தை விலைக்கு வாங்கிப் போட வேண்டியதுதான்! தம்பிக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. சிசேரியன் என்று போனால் பல ஆயிரம் டாலர், அதைக் கேட்டு அவர் அவ்வளவு கலங்கவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம். பிறப்பதில் பாதி ஆண். எல்லோருக்கும் பொலிகுதிரை தேவைப்படாது, காயடித்து விற்க வேண்டும், செலவு உங்களுடையது. சவாரிக்கு ஆகாது, வண்டி பூட்டலாம், இல்லாவிட்டால் சும்மா நிற்கும், முப்பது வருடம்கூட நிற்கும். அமெரிக்காவில் குதிரை வெட்டும் கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன. அதன் பிறகும் விலைபோகாத குதிரைகள் ஏலத்துக்கு வந்து மெக்சிகோவுக்கும் கனடாவுக்கும் லாரியில் போய்க்கொண்டுதான் இருந்தன. அந்த ஏல வரிசையில் மினியேச்சரையும் பார்த்திருக்கிறேன், கழுத்தில் யாரோ பிள்ளை கட்டிய ரிப்பன்கூட அவிழாமல்.

எல்லோரும் விட்டுவிட்டால் இனமே போய்விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாற்றுத்திறனாளிகளுக்குத் துணை செய்யப் பழக்கிய மினியேச்சர் குதிரைகளுக்கு 2011 முதல் அமெரிக்க மத்திய அரசு விதிகளிலேயே இடம் இருக்கிறது. அதற்கு நிதானமான குணமும் நேரான காலும் உள்ள குதிரை யாராவது வளர்த்தால்தான் வரும். அப்படி வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள், அந்த அம்மாள் ஒருவர். விற்ற குட்டியை எந்த வயதிலும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்துத்தான் விற்கிறார். மூணு பெட்டை வாங்கினால் மூணு குட்டி என்று யாரும் அங்கே கணக்குப் போடுவதில்லை.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது. முதலில் காயடித்த, வளர்ந்த குதிரை இரண்டு எடுங்கள். ஒன்று மட்டும் வேண்டாம், தனியாக நின்றால் ஏங்கிப்போகும். வேலியைக் கொயோட் என்கிற சிறு ஓநாயும் தெரு நாயும் நுழையாத மாதிரி போடுங்கள். இரண்டு குளிர்காலம் பராமரித்த பிறகும் ஆசை இருந்தால், ஒரு வசந்த காலம் முழுக்க யாராவது வளர்ப்பாளரின் கொட்டகையில் ராத்திரிக் காவலுக்குப் போங்கள். அதன் பிறகு பேசுவோம். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

பக்கத்துக் கவுண்டியில் மீட்பகம் ஒன்றில் எட்டு வயது, பத்து வயதில் ஒரு ஜோடி வீடு தேடிக்கொண்டிருக்கிறது. பழுப்பில் ஒன்று, வெள்ளைப் புள்ளியில் ஒன்று. பிரித்துத் தர மாட்டார்கள். வேண்டுபவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள்.