அம்மாவின் சம்பளத்துக்கு யார் சாட்சி?

போன வாரம் எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்கா தயங்கித் தயங்கி ஒரு கடிதம் கேட்டார். மகளின் கல்விக் கடனுக்கு வங்கியில் வருமான ஆதாரம் கேட்டிருக்கிறார்களாம். என் படிப்புக்குக் கடன் கேட்டு அலைந்த 2014 ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது அம்மா மதுரையில் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் 1,500, இன்னொன்றில் 1,200, மற்ற இரண்டில் தலா 900. மாதம் 4,500 ரூபாய், எல்லாம் கையில்தான். லீவு போட்டால் பிடித்தம். முன்பணம் வாங்கியிருந்தால் அதுவும் கழியும். அப்பா பெயின்டர், மழைக்காலத்தில் வேலை இருக்காது. இந்த வீட்டின் ஆண்டு வருமானம் எவ்வளவு என்று கேட்டால் நாங்கள் எதைச் சொல்வது? ஆனாலும் வருமானச் சான்றிதழில் 72,000 என்று வந்தது. உதவித்தொகைக்கு அது போதுமானதாக இருந்தது. அதே தாளைக் கடனுக்குக் கொண்டுபோனால், "இந்த வருமானத்தில் எப்படிக் கட்டுவீங்க? சம்பளச் சீட்டு இருக்கா?" என்றார்கள். ஒரு மேசையில் ஏழை என்று காட்ட வேண்டும், அடுத்த மேசையில் சம்பாதிக்கிறோம் என்று காட்ட வேண்டும்.

வேலை செய்யும் வீடுகளில் எழுதி வாங்கி வரச் சொன்னார்கள். மூன்று வீட்டில் மறுத்துவிட்டார்கள். "நாளைக்கு பி.எஃப். கேட்டு வந்து நிப்பே" என்றார் ஒருவர். ஓய்வுபெற்ற டீச்சரம்மா மட்டும் நோட்டுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சீல் இல்லை என்று வங்கி அதை வாங்கவில்லை. கடைசியில் அத்தையின் நகையை அடகு வைத்துத்தான் முதல் வருட ஃபீஸ் கட்டினோம். வருமானத்தை நிரூபிக்க முடியாதவர்கள் போய் நிற்கிற இடம் அதுதான். அடகுக் கடை, இல்லையென்றால் வாரவட்டி.

நான் கேட்பது ஒன்றுதான். கூலி வாங்கியவரையே ஏன் ஆதாரம் தேடி அலையவிடுகிறோம்? கொடுத்தவர் எழுதித் தரட்டுமே.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு, முதலாளி சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்கிறது. நல்ல விஷயம். ஆனால் வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ ஐந்து பேருக்கு மேல் வைத்திருக்காதவருக்கு அதில் விலக்கு இருக்கிறது. ஆய்வாளர் கேட்டால் கூலி கொடுத்ததற்கு ஆதாரம் காட்டினால் போதும். வேலை செய்தவரே கேட்டால் கொடுக்க வேண்டும் என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இல்லை. யாருக்குச் சீட்டு மிக அவசியமோ, அவர்கள்தான் வெளியே நிற்கிறார்கள்.

வருமானத்தை வைத்து இழப்பீடு கணக்கிடும் சாலை விபத்து வழக்குகளில் உச்ச நீதிமன்றம் இதைவிடத் தெளிவாகப் பேசியிருக்கிறது. 2004-இல் விபத்தில் சிக்கிய ஒரு கூலித் தொழிலாளி, மாதம் 4,500 சம்பாதித்ததாகச் சொன்னார். அம்மாவின் அதே 4,500. தீர்ப்பாயம் அதை 3,000 ஆகக் குறைத்தது. அன்றைய நாள்கூலி 100 முதல் 150 வரை இருந்ததைப் பார்த்து, அவர் சொன்னது நியாயம்தான் என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2014-இல் கர்நாடகத்துக் காய்கறி வியாபாரி ஒருவரின் வழக்கு. ஆவணம் இல்லை என்று உயர் நீதிமன்றம் 3,500 மட்டும் கணக்கிட்டிருந்தது. அமைப்புசாராத் தொழில் செய்பவர் மாத வருமானத்துக்கு ஆவணம் காட்டுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது என்று கேட்ட உச்ச நீதிமன்றம், 6,500 என்று வைத்தது. ஊர்க் கூலி என்ன, இவர் சொல்வது அதற்குப் பொருந்துகிறதா என்று பார்த்தார்கள். வங்கி மேலாளருக்கு அது தெரியாதா என்ன?

சரி, இப்போதுதான் ஜிபே இருக்கிறதே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்காவிடம் கேட்டால், நம்பர் கணவருடையது, பணம் அவர் கணக்குக்குப் போய்விடும் என்கிறார். கணக்கில் பணம் ஏறினால் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை நின்றுவிடுமோ என்ற பயம் வேறு. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம், உங்கள் வீட்டு வருமானம் அதை எட்டாது என்று சொன்னேன். பயம் முழுதாகப் போகவில்லை.

அக்காவுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். எந்த மாதத்திலிருந்து வேலை செய்கிறார், மாதம் எவ்வளவு, என் முகவரி, ஃபோன் நம்பர், கையெழுத்து. ஆதார் நகலும் வைத்தேன். மற்ற இரண்டு வீடுகளிலும் கேட்கச் சொல்லியிருக்கிறேன், தேவைப்பட்டால் நானே கூடப் போவேன். உங்கள் வீட்டில் வேலை செய்பவர் கேட்டால் தயவுசெய்து எழுதிக் கொடுங்கள். கேட்கக் கூச்சப்படுவார்கள், அதனால் நீங்களே ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.