பச்சை கூடினால் காடு தேறிவிட்டதாக அர்த்தமில்லை

"செயற்கைக்கோள் படத்தில் பத்து வருடத்துக்கு முன்பைவிடப் பச்சை கூடியிருக்கிறது, ஊர்க்காடு தேறிவிட்டது" என்று சிலர் சொல்வது தவறு. உன்னிச்செடி மண்டினாலும் சீமைக்கருவேலம் பரவினாலும் படத்தில் பச்சைதான் தெரியும். இந்திய வன அளவை நிறுவனமே 1 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில் மரக்கவிகை (மரக்கிளைகளும் இலைகளும் மூடியிருக்கும் பரப்பு) 10 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் வனப்பரப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அதில் தென்னந்தோப்பும் அடங்கும். போதாததற்கு, மழை முடிந்த டிசம்பர் படத்தையும் மே மாதப் படத்தையும் ஒப்பிட்டால் இலையுதிர்க்காடு எப்படியும் மாறித்தான் தெரியும். ஒரே மாதத்துப் படங்களை எடுங்கள்.

காட்டின் நிலை தரையில்தான் தெரியும். 10க்கு 10 மீட்டர் சதுரங்களை ஒற்றையடிப்பாதை ஓரமாக மட்டும் போடாமல், குலுக்கல் முறையில் இடம் தேர்ந்து போடுங்கள். மூலைகளில் கல் நடவேண்டும். கைபேசி ஜிபிஎஸ் சில மீட்டர் தள்ளிக் காட்டும், அடுத்த முறை வேறு மரங்களை அளந்துவிடுவீர்கள். அடிமரச் சுற்றளவை 1.37 மீட்டர் உயரத்தில், சரிவானால் மேட்டுப்பக்கம் நின்று, அளந்து அங்கேயே பெயின்ட் கோடு போடுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம் நாற்றுகள்: உள்ளே 1 மீட்டர் சதுரத்தில் இனவாரியாக எண்ணுங்கள். பெரிய மரங்கள் நின்றும் அவற்றின் கன்றுகள் இல்லையென்றால், மேய்ச்சலோ தீயோ களைச்செடியோ அவற்றை அழித்துக்கொண்டிருக்கலாம். அது எந்தப் படத்திலும் தெரியாது.