கூட வந்தவர் எல்லாம் குற்றவாளியா?

"ஒரே காரில்தானே வந்தார்கள், எல்லாருக்கும் தெரிந்துதான் இருக்கும்." சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடியில் யாராவது போதைப்பொருளோடு பிடிபட்டதாகச் செய்தி வந்தால், நம் வாட்ஸ்அப் குழுக்களில் தீர்ப்பு இப்படித்தான் வருகிறது. படிக்கவே வேதனையாக இருக்கிறது. கடுமைக்குப் பேர்போன நம் நாட்டுச் சட்டம்கூட அப்படிச் சொல்லவில்லை.

போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின் 21வது பிரிவு என்ன சொல்கிறது? வண்டியில் போதைப்பொருள் கிடைத்தால், அது வண்டியின் உரிமையாளர் வசமும், அந்த நேரத்தில் வண்டிக்குப் பொறுப்பாக இருந்தவர் வசமும் இருந்ததாக அனுமானிக்கப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது அவர்கள் பொறுப்பு. வெறுமனே கூட வந்தவரைப் பற்றி அந்தப் பிரிவு பேசவே இல்லை. ஆகவே, பொருள் இருந்தது அவருக்குத் தெரியும், அது அவர் கையில் அல்லது கட்டுப்பாட்டில் இருந்தது என்று அரசுத் தரப்புதான் காட்ட வேண்டும். எங்கே கிடைத்தது, யார் கைக்கு எட்டும் இடம், மரபணுத் தடயம் யாருடையது, கைப்பேசியில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயினைக் கடத்தினால் மரண தண்டனை வரை போகும் நாட்டில், இந்தச் சிரமத்தை அரசுத் தரப்பு பட்டே ஆக வேண்டும்.

ஆனால் பயணி என்றாலே தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். "இந்தப் பையைக் கொஞ்சம் மடியில் வச்சுக்கோ" என்று நண்பன் சொல்ல, நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டால் கதையே மாறிவிடும். போதைப்பொருள் உள்ள ஒன்று உங்கள் வசம் இருந்தது என்று நிரூபணமானால், 18வது பிரிவின்படி அந்தப் போதைப்பொருளும் உங்கள் வசம் இருந்ததாகவே அனுமானிக்கப்படும், அது என்ன வகை என்பதும் உங்களுக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும். மறுக்கலாம், ஆனால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். கிட்டத்தட்ட 2 கிலோ ஐஸ் (மெத்தம்பெட்டமின் என்ற போதைப்பொருள்) இருந்த பெட்டியோடு சாங்கி விமான நிலையத்தில் வந்திறங்கிய ஒருவரை, பொருள் உள்ளே இருந்ததே அவருக்குத் தெரியாது என்பதால் 2019ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுவித்தது. அவர் பிடிபட்டது 2011ல். இடையில் போன ஆண்டுகளை யார் திருப்பித் தருவார்கள்?

என்னை அதிகம் உறுத்துவது அதே 18வது பிரிவின் நான்காவது உட்பிரிவு. ஒருவர் வைத்திருக்கும் பொருள், மற்றவர்களின் அறிவோடும் சம்மதத்தோடும் இருந்தால் எல்லாரும் வைத்திருந்ததாகவே ஆகும். அறிவு மட்டும் போதாது, சம்மதமும் வேண்டும். நடு ரோட்டில், ஓடும் காரில், விஷயம் தெரிந்து வாயடைத்துப்போன 19 வயசுப் பையனின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிவிடக் கூடாது. பயந்து பேசாமல் இருப்பது வேறு, ஒத்துக்கொள்வது வேறு.

பிள்ளைகளிடம் இதை வீட்டிலேயே பேசுங்கள். அடுத்தவர் பையைத் தொட வேண்டாம். ஒருவேளை மாட்டிக்கொண்டால், குற்றம் சாட்டும்போது தருகிற எச்சரிக்கை அறிவிப்பைக் கவனமாகப் படிக்க வேண்டும்: தற்காப்புக்கான விஷயத்தை அப்போது சொல்லாமல் நீதிமன்ற விசாரணையில் முதல்முறையாகச் சொன்னால், நீதிபதி நம்புவது குறையலாம். யார் பை, எப்போது வண்டியில் ஏறியது, யார் கொடுத்தார் என்பதை உள்ளது உள்ளபடி அங்கேயே சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.