உப்பும் வினிகரும் சாயத்தைப் பிணைப்பதில்லை
உப்பும் வினிகரும் கலந்த நீரில் ஊறவைத்தால் பீட்ரூட் உட்பட எந்தத் தாவரச் சாயமும் கம்பளியிலும் பருத்தியிலும் நிலைத்துவிடும் என்று சொல்லப்படுவது சரியன்று. இதை நம்பிப் பலர் நல்ல நூலை வீணாக்கிவிடுவார்கள் என்பதே என் கவலை.

பெரும்பாலான தாவரச் சாயங்களை இழையோடு பிணைப்பது படிகாரத்திலுள்ள அலுமினியம் போன்ற உலோகமே. வினிகர் நீரின் அமிலத்தன்மையைக் கூட்டுவதால் சில சாயங்களின் நிறச்சாயல் மாறலாம். ஆனால் அந்தப் பிணைப்பை அதனால் உண்டாக்க முடியாது. கம்பளியாக இருந்தால், அதன் உலர்ந்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நனைத்த நூலை அதில் இட்டு மெல்லச் சூடேற்றி, கொதிக்கவிடாமல் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். பருத்தி படிகாரத்தை எளிதில் பற்றிக்கொள்ளாது என்பதால், அதை முதலில் கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளின் சாற்றில் ஊறவைப்பது வழக்கம். நீலச் சாயம் தரும் அவுரிக்கு இவை எதுவும் தேவையில்லை. அதன் சாயம் சாயத்தொட்டியில் நீரில் கரையும் வடிவத்துக்கு மாறி இழைக்குள் புகுந்து, காற்றுப் பட்டதும் நீலமாகத் தங்கிவிடுகிறது.

பீட்ரூட்டைப் படிகாரமும் காப்பாற்றாது, ஏனெனில் அதன் நிறமி வெப்பத்திலும் வெளிச்சத்திலும் சிதைந்துவிடும். நிலைத்த சிவப்பை விரும்புவோர், படிகாரம் ஏற்றிய கம்பளியை மஞ்சிட்டி வேரின் சாயத்தில் இடலாம்.