மரத்துக்குப் பின்னால நிக்க வச்ச வண்டி

ஞாயித்துக்கிழமை நம்ம சைக்கிள் குரூப் திருமூர்த்தி மலைக்குப் போனப்போ என்ன நடந்ததுன்னு குரூப்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். மத்தவங்களும் அந்த போட்டோவையும், எம்பட பழைய சைக்கிளைப் பத்தி கீழ வந்த கமெண்டுகளையும் பாத்திருப்பீங்க. "டீச்சர், விட்டுத் தள்ளுங்க"ன்னு ஏழெட்டுப் பேர் மெசேஜ் போட்டிருந்தீங்க. ரெண்டு நாள் விட்டுத்தான் பாத்தேன். முடியல.

"அக்கா, போட்டோவுக்கு நீங்க மட்டும் வாங்க. வண்டிய அந்தப் புளியமரத்துக்குப் பின்னால வச்சுட்டு வந்துருங்க." குரூப்ல ஒரு தம்பி மரியாதையாத்தான் சொன்னாரு. அவர் மேல எனக்குக் கோவம் கம்மி. நானும் சரின்னு தள்ளிட்டுப் போய் வச்சுட்டு வந்து நின்னு சிரிச்சேன் பாருங்க, அந்தக் கோவம்தான் இன்னும் ஆறல. உடுமலையிலிருந்து அதே ரோட்டுல, அதே வெயில்ல, எல்லார் கூடவும் வந்த வண்டி அது. 14 வண்டி வரிசையா நிக்குது. எம்பட வண்டி மட்டும் மரத்துக்குப் பின்னால.

"பால்கார வண்டி"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு. அது எனக்கு வசவாவே படல. ரெண்டு பக்கமும் கேன் கட்டிக்கிட்டு விடியறதுக்கு முன்னால சொசைட்டிக்குப் போற மனுசன் ஓட்டற வண்டிய விட நம்பிக்கையான வண்டி எது இருக்கு? என்னைக் குத்துனது இன்னொண்ணு. "இதுக்குப் பண்ணின செலவுக்குப் புதுசே வாங்கிருக்கலாம். பாவம், டீச்சரை எவனோ நல்லா ஏமாத்திட்டான்."

யாரும் என்னை ஏமாத்தலைங்க. அந்த வண்டியில மாத்துன ஒவ்வொரு சாமானும் நான் யோசிச்சு, கணக்குப் போட்டு, கடைக்காரர்கிட்ட கேட்டு வாங்கிப் போட்டது. வண்டி ஓட்டறவங்களுக்குத் தோதா இருக்கோணும். என்னோட உடம்புக்கு, நான் போற ரோட்டுக்கு, நான் கொண்டுபோற பைக்குத் தோதா இருக்கோணும். நான் சொல்ல வந்தது இது ஒண்ணுதான்.

முதல்ல காத்தைச் சொல்றேன். எங்க பக்கத்துல ஆனி, ஆடி மாசம் இருந்தவங்களுக்குத் தெரியும். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்து உடுமலை, பல்லடம் பக்கமெல்லாம் சும்மா அடிக்காது. அதை நம்பித்தான் இத்தனை காத்தாடி நட்டு வச்சிருக்காங்க. எனக்குப் பள்ளிக்கூடம் மேக்கால. காலையில ஏழு கிலோமீட்டர் எதிர்காத்து. நான் மணிக்கு 12 கிலோமீட்டர்ல போறேன்னு வைங்க, காத்து எதிர்ல 25 கிலோமீட்டர்ல வருது. என் மேல மோதுற வேகம் 37. காத்து தடுக்கற விசை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி ஏறும். 37-ஐ 12-ஆல வகுத்து வர்க்கம் போடுங்க. காத்து இல்லாத நாளை விட ஒம்பது மடங்குக்கு மேல வரும். பத்தாவதுப் பிள்ளைக போடற கணக்குதான்.

வண்டி வந்தப்போ முன்னால பெடல்கிட்ட பல்லுச் சக்கரம் 44 பல்லு, பின் சக்கரத்துல இருக்கற பல்லுச் சக்கரம், அதான் ஃப்ரீவீல், 18 பல்லு. பெடல் ஒரு சுத்து சுத்துனா வண்டி ஏறக்குறைய 5.1 மீட்டர் போகும். காத்து இல்லாதப்போ அது நல்ல அளவுதான். ஆடி மாசத்துல அதை மிதிச்சு மிதிச்சு எனக்கு முட்டி போயிருச்சு. டாக்டர் சைக்கிளையே விடச் சொன்னாரு. நான் சைக்கிளை விடல, அந்த 18-ஐ விட்டேன். 22 பல்லு ஃப்ரீவீல் போட்டு, செயின்ல ஒரு ஜோடிக் கண்ணி சேத்தோம். இப்ப ஒரு சுத்துக்கு 4.2 மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. மிதிக்கற பாரம் அஞ்சுல ஒரு பங்குகிட்ட கொறஞ்சுது. கியர் இல்ல, வயர் இல்ல, கெட்டுப்போக ஒண்ணுமில்ல. கெழக்கால திரும்பி வரும்போது வேகமா போக முடியாது, கால் வீணா சுத்தும், அது உண்மை. சாயங்காலம் வீட்டுக்குப் போக எனக்கென்ன அவசரம்?

டயர் விசயத்துல நான் பட்டதைச் சொல்லியே ஆகோணும், ஏன்னா இதுல நெறைய பேர் காசைத் தொலைக்கறீங்க. எம்பட வண்டிக்கு 26 x 1⅜. நாலு வருசத்துக்கு முன்னால ஒரு கடையில "இருபத்தாறு டயர் குடுங்க"ன்னு கேட்டேன். மலை ஏற வண்டிக்குப் போடற 26 x 1.75 டயரை எடுத்து, அரை மணி நேரம் நெம்பு போட்டு நெம்பினாங்க. டியூப் கிழிஞ்சது, ரிம்முல கீறல் விழுந்தது, டயர் ஏறல. கடைசில "உங்க ரிம்மு கோணலுங்கம்மா, புது வண்டி பாருங்க"ன்னு சொல்லிட்டாங்க. ரிம்மு கோணலே இல்ல. என் ரிம்முல டயர் உக்கார்ற இடம் குறுக்களவு 590 மில்லிமீட்டர், அவங்க குடுத்த டயருக்கு 559. 31 மில்லிமீட்டர் வித்தியாசத்தை எந்த நெம்பும் நெம்பாது. ரெண்டு மேலயும் 26-ன்னுதான் எழுதியிருக்கு. 1¾-ம் 1.75-ம் ஒண்ணுன்னு 25 வருசமா கரும்பலகையில எழுதிப் போட்டவ நான். டயர்ல ரெண்டும் ஒண்ணில்ல. பின்னத்துல எழுதுன டயர் வேற, தசமத்துல எழுதுன டயர் வேற. டயர் பக்கவாட்டுல 37-590 மாதிரி சின்ன எழுத்துல ஒரு நம்பர் இருக்கும். அதுல ரெண்டாவது நம்பர் உங்க ரிம்மோட சேரணும். அதைப் பாத்து வாங்குங்க.

அன்னைக்கு அந்தக் கடையில இன்னொண்ணும் சொன்னாங்க. "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, அவர்கிட்ட சொல்றோம்." வீட்டுக்காரருக்கு சைக்கிள் ஓட்டவே தெரியாது.

சரி, ரிம்முக்கு வர்றேன். பழைய ரிம்மு முலாம் பூசின இரும்பு. வெயில்ல பிரச்சினை இல்ல. மழையில பிரேக் பிடிச்சா கட்டை வழுக்கிக்கிட்டே போகும், வண்டி நிக்காது. ஐப்பசி மழையில ஒரு தடவை மேட்டுல இருந்து எறங்கி, நிறுத்த முடியாம சோளக்காட்டு வேலியில போய் விழுந்தேன். அதுக்கப்பறம்தான் அலுமினிய ரிம், 36 ஓட்டை, சொல்லி வச்சு மூணு வாரம் காத்திருந்து வாங்குனது. எங்க மெக்கானிக் அண்ணன் கம்பி கோத்து, கோட்டம் எடுத்துக் குடுத்தாரு. "ரிம்மு மாத்துனா கட்டையும் மாத்தோணுமுங்க டீச்சரம்மா"ன்னு அவரே சொல்லி பிரேக் கட்டையும் மாத்துனாரு. சின்ன வயசுல கத்துக்கிட்ட கை. கம்பி ஒவ்வொண்ணையும் ரெண்டு விரல்ல கிள்ளிப் பாப்பாரு, சத்தத்துல இறுக்கம் தெரியும் அவருக்கு. கண்ணை மூடிக்கிட்டுத்தான் கிள்ளுவாரு. இந்த மனுசனைத்தான் "எவனோ ஏமாத்திட்டான்"னு எழுதியிருக்கீங்க.

இப்ப, கேக்கப் போறதையெல்லாம் நானே கேட்டுக்கறேன்.

"வெயிட் ஜாஸ்தி." ஆமா, ஜாஸ்திதான். மண்டித் தராசுல வச்சுப் பாத்தேன், 18 கிலோ 400. உங்க கார்பன் ஃபைபர் வண்டி எட்டுன்னே வைங்க. நான் 68 கிலோ. என்னையும் சேத்தா 86-க்கு 76. நூத்துக்குப் பதினாலு கூட வித்தியாசம் இல்ல. மேட்டுல அந்த வித்தியாசம் தெரியும், ஒத்துக்கறேன். சமதரையில எதிர்காத்துதான் தெரியும், எடை தெரியாது. நான் தெனமும் போறது சமதரை.

"நிமிந்து உக்காந்தா காத்து எச்சாத்தான் பிடிக்கும்." நெசம். குனிஞ்சு ஓட்டற வண்டியும் நான் வாங்கிப் பாத்தவதான். 2017-ல, 28 ஆயிரம் ரூபாய்க்கு. ஆறு மாசம் ஓட்டினேன். கழுத்து பிடிச்சுக்கும், ரெண்டு கையிலயும் சுண்டு விரல் மரத்துப் போகும், போர்டுல சாக்பீஸ் பிடிக்க முடியாது. அப்பவும் எல்லாரும் "பழகிரும் டீச்சர்"னுதான் சொன்னாங்க. பழகல. பாதி விலைக்குக் குடுத்தேன். அந்தக் காசுலதான் இந்த வண்டி ஓவராயில் ஆச்சு. ஹேண்டில் ரெண்டு இஞ்ச் ஒசந்தது. நிமிந்து உக்காந்தா மொத்த பாரமும் சீட்டுல எறங்கும், அதனால அகலமான ஸ்பிரிங் சீட்டு. உங்களோட ஒல்லி சீட்டு குனிஞ்சு ஓட்டறவங்களுக்குச் சரி. நான் அதைக் குறை சொல்லல. உங்க சீட்டைப் பத்தி நான் ஒரு நாளும் எதுவும் எழுதினதில்ல.

"ஸ்டீல் துருப்பிடிக்கும்." துடைச்சு எண்ணெய் போட்டா பிடிக்காது. பின் ஃபோர்க் தண்டு ஒண்ணு விரிசல் விட்டப்போ, பட்டறையில பித்தளை வச்சுப் பத்த வச்சுக் குடுத்தாங்க, அரை நாள் வேலை. உங்க ஃப்ரேம் விரிசல் விட்டா உடுமலையில யாருகிட்டக் கொண்டுபோவீங்க?

"சாமான் கிடைக்காது." இது பாதி நெசம். பெடல் தண்டை, அதான் கிராங்கை, அச்சோட இறுக்கற காட்டர் பின் நல்லதா இப்பக் கிடைக்கறது கஷ்டம். மட்டமானதைப் போட்டா ஒரே மாசத்துல கிராங்க் ஆடும், ஒவ்வொரு மிதிக்கும் 'டொக்கு டொக்கு'ங்கும். நான் கிடைக்கறப்ப நாலா வாங்கி டப்பாவுல போட்டு வச்சிருக்கேன்.

"இதெல்லாம் ஏழைங்க வண்டி." இதை யாரும் நேராச் சொல்லல. ஆனா சொன்ன எல்லாத்துக்கும் அடியில இருக்கறது இதுதான்னு எனக்குத் தெரியும். அமெரிக்காவுல, கலிஃபோர்னியாவுல, ரிவெண்டெல்னு ஒரு சின்னக் கம்பெனி 1994-லிருந்து ஸ்டீல் ஃப்ரேமே செஞ்சு விக்குது. அகல டயர், சீட்டை விட ஒசரமான ஹேண்டில், மட்கார்டும் கேரியரும் போட எடம். அதை ஆசைப்பட்டு வரிசையில நின்னு வாங்கறாங்க. அந்த வண்டியில ஒருத்தர் வந்திருந்தா புளியமரத்துக்குப் பின்னால வைக்கச் சொல்லியிருப்பீங்களா?

இதை எழுதும்போது அப்பா ஞாபகம் வருது. 1992. புதுக்கோட்டையில, எழுதப் படிக்கச் சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கத்துல பொம்பளைங்க ஆயிரக்கணக்குல சைக்கிள் கத்துக்கிட்ட காலம். பேப்பர்ல அந்தப் படத்தைப் பாத்துட்டு, பருத்தி போட்ட பணத்துல எனக்கு இந்த வண்டிய எடுத்துக் குடுத்தாரு. அம்பத்தூர்ல செஞ்ச வண்டி. பஸ்ஸு மேல போட்டுக் கொண்டுவந்தாரு. "பொட்டப்புள்ளைக்கு எதுக்கு மாமா சைக்கிளு"ன்னு ஒறம்பரை ஒருத்தர் எங்க சாளை வாசல்லயே கேட்டாரு. அப்பா அவருக்குப் பதிலே சொல்லல. சீட்டை எறக்கி, நான் ஏறிப் பாத்து, கால் எட்டுதான்னு பாத்து, மறுபடி அரை இஞ்ச் ஏத்தி, மறுபடி பாத்து, ஸ்பேனரோட அந்தி மசங்கற வரைக்கும் குத்த வச்சு உக்காந்திருந்தாரு. வந்தவருக்கு காப்பி குடுக்கக்கூட எந்திரிக்கல. அம்மா அதுக்காக ரெண்டு நாள் பேசல.

அப்பா போயி ஒம்பது வருசம் ஆகுது. வண்டியில அவர் தொட்டதுல ஃப்ரேமும் மணியும்தான் மிச்சம், மத்ததெல்லாம் மாத்தியாச்சு. "அப்பறம் எப்படிங்க அது அதே வண்டி"ன்னு ஒரு கமெண்டு. அதுக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

எங்க பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்க சைக்கிள் வருது. போன வருசம் ஒரு பொண்ணு ரெண்டே மாசத்துல சைக்கிளை விட்டுட்டு, மூணு கிலோமீட்டர் நடந்து வர ஆரம்பிச்சா. கேட்டா, "முட்டி வலிக்குதுங் டீச்சர்". வீட்டுக்குப் போய்ப் பாத்தேன். சீட்டு அடி மட்டத்துல இருக்குது. மிதிக்கும்போது முட்டி நெஞ்சுக்கு வருது. நெட்டைப் பொண்ணு. வாங்குன நாள்ல இருந்து யாரும் அதைத் தொடல. பக்கத்து வீட்டுல ஸ்பேனர் வாங்கி மூணு இஞ்ச் தூக்குனேன், அவ்வளவுதான். அவ ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து எறங்கவே இல்ல, இன்னொரு சுத்து போனா. மூணு இஞ்ச்சுங்க. பைசா செலவில்ல. அந்த மூணு இஞ்ச்சை யாரும் சொல்லித் தராததால எத்தனை பிள்ளைக சைக்கிள் நமக்கு ஒத்து வராதுன்னு விட்டிருக்கும்? குரூப்ல இத்தனை பேர் சைக்கிளைப் பத்தித் தெரிஞ்சவங்க இருக்கறோம். ஒரு ஞாயித்துக்கிழமை ரைடுக்குப் பதிலா ஸ்பேனர் எடுத்துக்கிட்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கு வாங்கன்னு மார்ச்சுல கேட்டேன். ரெண்டு பேர் கட்டை விரல் போட்டாங்க. யாரும் வரல.

அந்தப் பொண்ணு திங்கக்கிழமை காலையில ஸ்டாஃப் ரூமுக்கு வந்தா. போட்டோவையோ கமெண்டையோ அவ பாக்கல. "டீச்சர், உங்க வண்டியில பின்னால எத்தனை பல்லுங்?"னா. இருபத்தி ரெண்டுன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டா. அவ வண்டியில பதினெட்டு, எண்ணிப் பாத்துட்டுத்தான் வந்திருக்கா. இருபதுல நிறுத்தலாமா, இருபத்தி ரெண்டே போட்டுரலாமான்னு கேட்டா. "காத்து முடியட்டும், அப்பறம் சொல்றேன்"னு சொன்னதுக்கு, "காத்துக்குத்தானுங் டீச்சர் கேக்கறேன்"னா.

இந்த ஞாயித்துக்கிழமை அமராவதி அணைன்னு போட்டிருக்கீங்க. அஞ்சரைக்கு பஸ் ஸ்டாண்டு கிட்ட இருப்பேன். கேரியரும் மட்கார்டும் கழட்டல. போட்டோ எடுக்கும்போது வண்டி என் கூடத்தான் நிக்கும்.