படத்தில் இருக்கும் கால்வளையத்தை அழிக்காதீர்கள்

சென்ற வாரம் பலர் பகிர்ந்திருந்த ஓர் இளஞ்சிவப்புப் புறாவின் படத்தை நானும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இங்கே மொரிஷியஸில், பெத்ரேன் பக்கத்துக் காட்டில், மழை நின்ற சிறிது நேரத்தில் எடுத்திருக்க வேண்டும். மார்பில் வெளிர் ரோஜா நிறமும் வாலில் செம்பழுப்பும் துலங்க, ஈரக் கிளையொன்றில் அது அமர்ந்திருந்தது. ஒளியில் குறையில்லை, பின்னணியில் குறையில்லை. கால்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் மனம் வருந்தியது. பாதத்திலும் விரல்களிலும் செதில்களின் நுண்ணிய வரிகள் தெளிவாகத் தெரிய, கணுவுக்கு மேலே மட்டும் சிவப்பு நிறம் வரியே இல்லாமல் வழவழவென்று இருந்தது. பறவையை அடையாளம் காண்பதற்காகக் களப்பணியாளர்கள் மாட்டும் வளையம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. அதை மென்பொருளால் துடைத்துவிட்டிருக்கிறார்கள்.

எடுத்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை, ஏனெனில் இதே தவற்றை 2017ஆம் ஆண்டு நானும் செய்திருக்கிறேன். தூரத்துப் பறவைகளைப் பார்க்க உதவும் ஸ்பாட்டிங் ஸ்கோப் என்னும் தொலைநோக்கி அப்போது என்னிடம் இல்லை. சாதாரண ஜூம் லென்ஸுடன் காட்டுக்குள் போய், என் முதல் இளஞ்சிவப்புப் புறாவைப் படமெடுத்து, அதன் காலில் கிடந்த வண்ண வளையங்கள் 'இயற்கையான' படத்தைக் கெடுக்கின்றன என்று எண்ணி அவற்றை அழித்து, அழித்த படத்தையே மூலக் கோப்பின் மேல் சேமித்தும் விட்டேன். என்னிடம் ஆறாம் வகுப்பில் தமிழ் படித்து, பிற்பாடு பறவைப் பாதுகாப்புக் களப்பணிக்குப் போன மாணவி ஒருத்தி அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று இரவே தொலைபேசியில் அழைத்தாள். "மிஸ், ரொம்ப அழகான படம். வளையம் என்ன நிறம், எந்தக் காலில் இருந்தது?" என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. "பரவாயில்லை மிஸ்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை, ஆனால் கையில் கிடைக்கவேண்டிய ஒன்று நழுவிவிட்ட ஏமாற்றம் இருந்தது. அந்தப் பக்கத்தில் பல வாரங்களாகக் கண்ணில் படாத ஒரு புறாவை அவர்கள் தேடிக்கொண்டிருந்தார்களாம். நான் பார்த்தது அதுதானா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

நம் தீவின் பறவைகளைப் பொறுத்தவரை வளையம் என்பது வெறும் அடையாளச் சின்னம் அன்று. 1974இல் மொரிஷியஸ் கெஸ்ட்ரல் எனப்படும் நம் வல்லூறு காட்டில் 4 மட்டுமே இருப்பதாக அறியப்பட்டது. டி.டி.டி. பூச்சிமருந்தும், காடழிப்பும், கூட்டில் புகுந்து முட்டையையும் குஞ்சையும் தின்னும் குரங்கும் கீரியும் அதை அந்த நிலைக்குக் கொண்டுவந்திருந்தன. கோழி தின்னி என்று பெயர் சூட்டி அதைச் சுட்டவர்களும் இருந்தார்கள். 'மாஞ்சேர் தெ பூல்' என்ற அந்தப் பெயரை என் தாத்தா வாயாலும் கேட்டிருக்கிறேன். 1979இல் இங்கே வந்த பறவைப் பாதுகாப்பாளர் கார்ல் ஜோன்ஸும் அவருடன் உழைத்தவர்களும் கூட்டிலிருந்து முட்டைகளை எடுத்து அடைகாக்க வைத்து, தாய்ப்பறவை மறுபடியும் முட்டையிட வழி செய்து, வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டு அந்த இனத்தை மீட்டார்கள். இளஞ்சிவப்புப் புறா 1990களின் தொடக்கத்தில் காட்டில் ஏறத்தாழ 10 என்னும் அளவுக்குக் குறைந்து, இன்று 400ஐத் தாண்டியிருக்கிறது. 2018இல், அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களைக் குறிக்கும் சிவப்புப் பட்டியலில் அதன் அபாயநிலை ஒரு படி குறைக்கப்பட்டது. நம் தீவின் இன்னோர் அரிய பறவையான எக்கோ கிளியின் கதையும் ஏறக்குறைய இதேதான்.

இந்த மீட்சி முழுவதும் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே அறிந்ததால் நடந்தது. எந்தக் குஞ்சு எந்தக் கூட்டில் பிறந்தது, எத்தனை ஆண்டு வாழ்ந்தது, எந்தப் பள்ளத்தாக்கிலிருந்து எந்தப் பள்ளத்தாக்குக்குப் போய் யாருடன் இணை சேர்ந்தது என்பதெல்லாம் அந்த வண்ண வளையங்களை யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், தூரத்திலிருந்து படித்துக் குறித்துவைத்ததால் தெரிந்தவை. இரண்டு கால்களிலும் உள்ள நிறங்களின் வரிசையே அந்தப் பறவையின் பெயர். அதை அழித்த படத்தில் இனம் மட்டும் மிஞ்சுகிறது. அந்தப் பறவை காணாமல் போய்விடுகிறது.

ஆகவே என் கருத்து இதுதான்: மிரர்லெஸ் கேமராவையும் ஸ்பாட்டிங் ஸ்கோப்பையும் வாங்கும் வசதியுள்ள நாம், அவற்றை முதலில் வளையம் படிப்பதற்குப் பயன்படுத்த வேண்டும். அழகு அதன் பிறகு வரட்டும். இந்த இரண்டும் இணைந்த கருவி வேறு எதையும்விட அந்த வேலைக்கே பொருத்தமானது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 6 மில்லிமீட்டர் உயரமுள்ள ஒரு வளையம் 60 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 400 மி.மீ. லென்ஸில் அது சென்சாரின் மேல் 0.04 மி.மீ. உயரத்துக்கு விழும். 24 மெகாபிக்சல் முழுச் சட்டக் கேமராவில் ஒரு பிக்சல் 6 மைக்ரான் என்பதால், அந்த வளையத்துக்கு 6 அல்லது 7 பிக்சல்தான் கிடைக்கும். ஸ்கோப்பின் 20 மடங்கு பெருக்கும் கண்வில்லைக்குப் பின்னால் 50 மி.மீ. லென்ஸ் பொருத்திய கேமராவை வைத்தால் குவியத் தூரம் 1000 மி.மீ. ஆகிறது, அதே வளையம் 16 பிக்சலுக்கு மேல் நிற்கிறது. நீலமா பச்சையா, ஒரு வளையமா ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டா என்பதை முடிவு செய்ய இந்த வேறுபாடு போதும். பறவையை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்காமல் இது கிடைக்கிறது.

ஆனால் பெருக்கத்தின் மேல் பேராசை வேண்டாம். 80 மி.மீ. முகப்புள்ள ஸ்கோப்பில் 20 மடங்குக்கு நமக்குக் கிடைக்கும் துளை ஏறத்தாழ எஃப் 12.5. அதே ஸ்கோப்பை 60 மடங்குக்குத் திருகினால் எஃப் 37 ஆகிவிடும். ஒளி ஒன்பதில் ஒரு பங்காகக் குறையும், சிறிய துளையில் ஒளி வளைந்து பரவுவதால் விவரமும் கூடிவராது, பெரிய மங்கல்தான் மிஞ்சும். நான் 20இல் தொடங்கி 30க்கு மேல் போவதே இல்லை. ஓரங்களில் கருவட்டம் விழுந்தால் விழட்டும். நமக்கு வேண்டியது நடுவில் இருக்கும் கால்.

மிரர்லெஸ் கேமரா இந்த இடத்தில் ஏன் உதவுகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஸ்கோப் வழியே தானியங்கி ஃபோகஸை நம்ப முடியாது. ஸ்கோப்பின் திருகைக் கையால் மெல்லத் திருப்பித்தான் கூர்மையைக் கொண்டுவர வேண்டும். கண்ணாடி வைத்த பழைய கேமராவின் காட்சித் துளையில் எஃப் 12.5 என்பது இருட்டறை. மிரர்லெஸ் கேமராவின் மின்திரையோ அந்த மங்கலை வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. பறவையின் காலை மட்டும் பத்து மடங்கு பெரிதாக்கித் திரையில் வைத்துக்கொண்டே திருகலாம். மேலே எழும்பி விழும் கண்ணாடி இல்லை, மின் ஷட்டரில் அதிர்வும் இல்லை, ஓசையும் இல்லை. 1999ஆம் ஆண்டு வாக்கில் மலேசியாவின் லாரன்ஸ் போ ஒரு சிறிய டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின் கண்வில்லைக்குப் பின்னால் பிடித்து இந்த முறைக்கு வழிகாட்டியபோது, அவருக்கு இந்த வசதிகளில் பல இருந்திருக்காது.

ஃபெர்னே பள்ளத்தாக்கில் ஒரு காலை நேரத்தைச் சொல்கிறேன். செப்டம்பர் மாதம், கெஸ்ட்ரல்கள் கூடு கட்டும் பருவம் தொடங்கியிருந்தது. பாதையிலிருந்து விலகாமல், ட்ரைபாடின் கால்களை அகல விரித்துத் தாழ்த்தி, தென்கிழக்குக் காற்றில் ஆடாதிருக்கத் தோள்பையை அதன் நடுவில் தொங்கவிட்டு நின்றேன். எதிர்ச்சரிவில் ஒரு பட்ட கிளையில் ஆண்பறவை அமர்ந்திருந்தது. வயிற்றின் வெண்ணிற இறகுகளில் இதய வடிவக் கரும்புள்ளிகள். அந்த இறகுகளை உப்ப வைத்து இரண்டு கால்களையும் மூடிக்கொண்டிருந்தது. நாற்பது நிமிடம் அது அசையவில்லை, நானும் அசையவில்லை. பிறகு ஒரு காலைத் தூக்கிக் கன்னத்தைச் சொறிந்தது. இரண்டு நொடி இருக்கும். அதற்குள் கையிலிருந்த ரிமோட்டை அழுத்தி எடுத்த பதினொரு படங்களில் மூன்றில் வளையம் தெளிவாக விழுந்தது. ஐ.எஸ்.ஓ. 3200, ஷட்டர் வேகம் 1/60, பறவையின் தலை அசைவில் கலங்கியிருந்தது. கண்காட்சிக்கு வைக்கக்கூடிய படம் அன்று. ஆனால் அன்று மாலை என் மாணவி அனுப்பிய பதிலில் அந்தப் பறவை எந்த ஆண்டு, எந்தக் கூட்டில் பொரிந்தது என்பது இருந்தது. நான் எடுத்த படங்களிலேயே என் மனத்துக்கு மிக நெருங்கியது அதுதான்.

நிறத்தைப் படிப்பது எளிதன்று. மர நிழலில் வெள்ளை வளையம் நீலமாகத் தெரியும். பல ஆண்டு வெயிலில் கிடந்த சிவப்பு, ஆரஞ்சாக வெளிறும். மஞ்சள் அழுக்கேறினால் வெள்ளையோடு குழம்பும். கண்ணால் மட்டும் பார்த்து எழுதியதை மறுநாள் சரிபார்க்க வழியில்லை. படத்தைச் சுருக்கப்படாத மூலக்கோப்பாக எடுத்திருந்தால், வண்ண வளையங்களோடு இருக்கும் உலோக வளையத்தின் சாம்பல் நிறத்தை ஆதாரமாக வைத்து வெள்ளைச் சமநிலையைத் திருத்தி, மற்ற நிறங்களைச் சரியாகப் படிக்கலாம். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவளும் அந்த மாணவிதான்.

இன்னும் இரண்டு பழக்கங்கள் வளையத்தை அழிப்பதற்கு ஈடான தீங்கைச் செய்கின்றன. பறவை வலப்புறம் பார்த்தால் அழகு என்று படத்தை இடவலமாகத் திருப்பிப் போடுகிறார்கள். வளையங்களை எப்போதும் பறவையின் இடக்கால், வலக்கால் என்றுதான் படிக்கிறோம். படத்தைத் திருப்பினால் ஒரு பறவை இன்னொரு பறவை ஆகிவிடும், செத்துப்போன ஒன்று உயிரோடு திரும்பி வந்ததாகக்கூடப் பதிவாகலாம். மற்றொன்று, செயற்கை நுண்ணறிவால் கூர்மையேற்றும் மென்பொருள்கள். வளையத்தில் மங்கலாக இருக்கும் எழுத்தையும் எண்ணையும் அவை 'தெளிவாக்கி'த் தருகின்றன. ஆனால் அந்த 3 அங்கே இருந்த 3தானா, 8ஐப் பார்த்து மென்பொருள் வரைந்த 3ஆ என்று யாருக்கும் தெரியாது. படிக்க முடியாத வளையத்தைப் படிக்க முடியவில்லை என்று எழுதுவதே நேர்மை. பொய்யான ஒரு பதிவு, பதிவே இல்லாததைவிடக் கெடுதி.

தூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் வளையம் படிக்கும் ஆர்வமே சிலரைப் பறவைக்கு மிக அருகே இழுத்துச் செல்கிறது. போர்ட் லூயிஸுக்குப் பக்கத்தில் தேர் ரூஜ் கழிமுகம் இருக்கிறது. 26 ஹெக்டேர் பரப்பு, 2001இல் உலக முக்கியத்துவம் உள்ள ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சைபீரியாவின் ஆர்க்டிக் சமவெளியில் முட்டையிடும் வளைமூக்கு உள்ளானும், கல்திருப்பி உள்ளானும் அக்டோபர் வாக்கில் இங்கே வந்து, ஏப்ரல் வரை அந்தச் சேற்றில் இரை பொறுக்குகின்றன. ஏறத்தாழ 60 கிராம் எடையுள்ள ஒரு பறவை, திரும்பிப் போவதற்கான கொழுப்பை அங்கேதான் சேர்க்க வேண்டும். நாம் பத்து அடி முன்னால் போனதும் கூட்டம் முழுவதும் எழும்பிச் சுற்றி இறங்குமானால், அந்தப் பறத்தலுக்கான விலையை அவை அந்தக் கொழுப்பிலிருந்தே கொடுக்கின்றன. எழும்பிப் பறக்கும் கூட்டம் படத்துக்கு அழகாக இருக்கிறது என்பதற்காகக் கைதட்டிக் கலைப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். என் வகுப்புப் பிள்ளைகள் அருகில் இருந்தபோதே அது நடந்தது. ஸ்கோப் வைத்திருப்பவருக்கு அந்தப் பத்து அடி தேவையே இல்லை. அங்கே நமக்குப் பகை தூரமன்று, கானல். காலை ஒன்பது மணிக்கு மேல் சேற்றுப் பரப்பிலிருந்து எழும் சூடு எல்லாவற்றையும் நெளிய வைக்கும். விலை உயர்ந்த எந்த லென்ஸாலும் அதை வெல்ல முடியாது. ஆறு மணிக்குப் போய் எட்டரைக்குத் திரும்பிவிடுங்கள்.

வளையம் பறவைக்கு அசிங்கம் என்றும், மனிதன் இட்ட விலங்கு என்றும் சொல்லும் நண்பர்கள் உண்டு. அவர்களின் மனத்தில் இருப்பது பறவையின் மேலுள்ள அன்பு என்பதை அறிவேன். ஆனால் டோடோவை 17ஆம் நூற்றாண்டிலேயே இழந்த தீவில் நாம் வாழ்கிறோம். இன்று நம் காட்டில் பறக்கும் இந்தப் புறாவும் வல்லூறும் மனிதரின் கையால் மீட்கப்பட்டவை. வளையத்தைத் துடைத்துவிட்டு, மனிதர் கை படாத காட்டுப் பறவை என்று காட்டுவது உண்மையைக் காட்டுவதாகாது. இரவு பகலாக உழைத்து அதை மீட்டவர்களின் உழைப்பையும் சேர்த்தே துடைப்பதாகும்.

எனவே உங்கள் பழைய கோப்புகளைத் தயவுசெய்து ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கலங்கியது, இருண்டது என்று ஒதுக்கி வைத்த படங்களில் ஏதேனும் ஒரு காலில் வளையம் தெரிந்தால், அதைத் திருப்பாமல், திருத்தாமல், நாளும் இடமும் குறித்துக் களப்பணியாளர்களிடம் சேர்த்துவிடுங்கள். கெஸ்ட்ரல் கூட்டின் இடத்தை மட்டும் இங்கே பொதுவில் எழுதாதீர்கள். யாரிடம் கொடுப்பது என்று தெரியாதவர்கள் எனக்கு எழுதலாம், நான் சேர்ப்பிக்கிறேன். வரும் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குத் தேர் ரூஜில் இருப்பேன். ஸ்கோப் இல்லாத பிள்ளைகளை அழைத்து வாருங்கள். கேமராவைக் கழற்றிவிட்டு முதலில் அவர்களைப் பார்க்க வைக்கிறேன்.