சுண்ணாம்பைக் கழுவிவிட்டார்களே

நம்ம ஊர்க் காட்சியகத்துப் படங்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பனையேறிச் சாமான்கள் வார்னிஷ் பூசி மினுமினுக்கின்றன. பனையில் கட்டிப் பதநீர் இறக்கும் கலயத்தின் உள்ளே படிந்திருந்த சுண்ணாம்பைச் சுரண்டிக் கழுவி, 'கள் இறக்கும் பானை' என்று அட்டையும் எழுதி வைத்தாகிவிட்டது.

அந்தச் சுண்ணாம்புதான் ஐயா அந்தக் கலயம். அதைக் கழுவினால் மிச்சம் வெறும் மண்சட்டி.

பதநீருக்குக் கலயம் கட்டும்போது உள்சுவரில் சுண்ணாம்பு தடவித்தான் கட்டுவார்கள். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்துக் கள்ளாகும். குறைத்துத் தடவினால் பாதி புளித்து, எவ்வளவு காய்ச்சினாலும் பாகு இறுகாது. சிரட்டையில் ஊற்றிய கருப்பட்டி கூழாகவே நிற்கும். கூடிப்போனால் தொண்டையைக் காறும். எட்டுப் பத்து லிட்டர் காய்ச்சினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. பொங்கி வரும்போது ஆமணக்கு முத்தைத் தட்டிப்போட்டு அடக்கும் சாயல்குடிப் பக்கத்துப் பெண்களைக் கேளுங்கள், சுண்ணாம்பு குறைந்ததைப் பாகின் பதத்திலேயே சொல்லிவிடுவார்கள்.

'உப்புக்காத்துல எல்லாம் வீணாப்போகும், அதான் வார்னிஷ் பூசினோம்' என்கிறீர்கள், காட்சியகத்துக்காரர்களே. அரிவாளுக்குச் சரி; துரு துடைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள், யார் வேண்டாம் என்றது? கடிப்புக்கு, அந்த மர இடுக்கிக்கு, எதற்கு வார்னிஷ்? பாளையை நசுக்கி நசுக்கித் தேய்ந்த இடம்தானே அதில் பார்க்க வேண்டியது? அலகுப்பனைக்கும் (ஆண்பனை) பருவப்பனைக்கும் (பெண்பனை) கடிப்பு வேறு வேறு. இரண்டையும் ஒரே ஆணியில் மாட்டியிருக்கிறீர்கள். மரமேறக் காலில் மாட்டும் கால் நாரும் விறைத்துப்போய்த் தொங்குகிறது.

'சம்பளமில்லாமச் செய்யிறாங்க, குறை சொல்லாதீங்க' என்பார்கள். நல்ல மனசுதான். கழுவும் முன் ஒரு பனையேறியைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்.

'சின்னப் பிழைக்கு இவ்வளவு கோபமா?' சின்னப் பிழையா இது? 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை. பதநீர் இறக்கியவனையும் கள் இறக்கினான் என்று பிடித்துக்கொண்டு போனது பனங்காட்டில் யாருக்குத் தெரியாது? 'இது பதநீர்ங்க' என்று அவன் காட்டக் கையில் இருந்தது கலயத்துக்குள் தெரிந்த அந்த வெள்ளை ஒன்றுதான். அதையும் நாமே கழுவி, நம் ஊரிலேயே, நம் பிள்ளைகள் வந்து படிக்கிற அட்டையில் கள் என்று எழுதினால், உயிரைப் பணயம் வைத்து மரமேறியவன் முகத்தில் எப்படி விழிப்பது? வலிக்கிறது.

அட்டையை இன்றே மாற்றுங்கள். பின்கட்டில் கழுவாத கலயம் இன்னும் இரண்டு கிடப்பதாகச் சொல்கிறார்கள். தூசியை மட்டும் மெல்லிய தூரிகையால் தட்டிவிட்டு, தண்ணீர் படாமல், வாய்ப்பக்கம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி சாய்த்து வையுங்கள்.